கழற்றி வைத்துவிட்டு வந்தவர்

உத்தரவை ஒட்ட வந்தவரின் பசைப் பிரஷ்ஷில் பஞ்சு ஏறிக்கொண்டது. மெத்தைக் கடைக் கதவில் ஒரு இழுப்பு இழுத்தார். பசையோடு வெள்ளைத் தாடி ஒன்று முளைத்தது. விரலால் வழித்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு இன்னொரு இழுப்பு இழுத்தார், இன்னொரு தாடி. "என்னங்க இது, கதவா ஆடா?" என்றார். மெத்தைக்காரர் உள்ளே ஓடி ஈரத்துணி கொண்டுவந்து தன் கடைக் கதவைத் தானே துடைத்துக் கொடுத்தார். தாள் ஒட்டப்பட்டதும் ஒரு எட்டுப் பின்னால் வந்து பார்த்துவிட்டு, "இடது பக்கம் கொஞ்சம் தூக்கணுங்க" என்றும் சொன்னார். தன்னைப் பற்றிய தாள்தான் அது என்பது அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கோணலாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் ஆகவில்லை.

கையிலும் ஒரு பிரதி கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அந்த ஆள் போய்விட்டார். மெத்தைக்காரர் அதை மூன்று தரம் படித்தார். அடுத்த வீட்டில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற சர்வேயர், பஞ்சு அடிக்கும் மெஷினிலிருந்து வரும் தூசியால் தெருவில் இருப்பவர்களுக்கு மூச்சு முட்டுகிறது, தனக்கு ஓயாத இருமல் வந்துவிட்டது என்று மனுக் கொடுத்திருக்கிறார். ஆகவே இந்தப் பொதுத் தொல்லையைப் பத்து நாட்களுக்குள் அகற்ற வேண்டும். அகற்ற ஆட்சேபம் இருந்தால், பதினோராம் நாள் காலை பத்து மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் ஆஜராகி ஏன் அகற்றக் கூடாது என்று காரணம் சொல்ல வேண்டும். இந்த இரண்டும் இல்லையென்றால் அரசாங்கமே வந்து அகற்றும். இவ்வளவுதான் விஷயம். இதற்கு ஒன்றரைப் பக்கம் பிடித்திருந்தது.

மெஷின் என்று பெரிதாகச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி, உள்ளே முள் பதித்த உருளை, பக்கத்தில் மோட்டார், இரண்டையும் இணைக்கிற ஒரு பெல்ட். பழைய மெத்தைகளைக் கிழித்து, கட்டியாகிப்போன பஞ்சை ஒரு வாயில் திணித்தால் மறு வாயில் மேகம் மாதிரி வரும். இந்தப் பக்கம் நின்று திணிப்பது அவர். அந்தப் பக்கம், சாக்குத் திரைக்குப் பின்னால் நின்று வருவதை அள்ளி உறையில் அடைப்பது மனைவி. இருபது வருடமாக இதுதான் ஏற்பாடு. மெத்தையைக் கிழிக்கும்போதே எந்த வீட்டில் குழந்தை இன்னும் படுக்கையை நனைக்கிறது, எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் நடுவில் ஒரு மேடு உண்டாகும் அளவுக்கு விலகிப் படுக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். வெளியே ஒரு வார்த்தை விடமாட்டார். அப்படிப்பட்ட மனிதரைத் தொல்லை என்று எழுதிவிட்டார்களே என்பதுதான் முதலில் தைத்தது.

சாயங்காலம் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி; வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். எந்தக் காகிதத்தையும் கடைசி வரியிலிருந்து படிக்கிற பழக்கம் அவனுக்கு.

"இதுல என்ன இருக்கு மாமா? மெஷினை ஓட்டிக்கிட்டே இருங்க. பதினோராம் நாள் போய், எடுக்க முடியாதுன்னு சொல்லுங்க. ஏன்னு கேப்பாங்க, நாலு வார்த்தை பேசுங்க. அப்புறம் அந்த சர்வேயரைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் முடிவு சொல்லுவாங்க."

"எடுன்னு எழுதியிருக்காங்கடா. எடுக்காம போய் எப்படி அவங்க முன்னாடி நிக்கிறது?"

"கால்லதான்."

மனைவி சிரித்தாள். மெத்தைக்காரர் சிரிக்கவில்லை. அவர் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு முறை இருந்தது. வாத்தியார் எழுந்து நில் என்றால் முதலில் எழுந்து நிற்க வேண்டும்; அதன் பிறகுதான் "நான் செய்யலை சார்" என்று சொல்ல வேண்டும். உட்கார்ந்தபடியே சொன்னால் உண்மைகூடத் திமிராகிவிடும். எழுந்து நின்று சொன்னவனை வாத்தியார் எத்தனையோ தடவை "சரி, உட்காரு" என்று விட்டிருக்கிறார். பெரிய இடத்தில் பேசுவதற்கு இதைவிட வேறு வழி அவருக்குத் தெரியாது. முதலில் கழற்றி வைத்துவிட வேண்டும். பிறகு போய், நீங்கள் சொன்னபடி செய்துவிட்டேன், இனி என் பக்கத்தைக் கேளுங்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னதைச் செய்தவன் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்கும்.

"எடுத்துட்டா எதை வச்சுப் பொழைக்கிறது?" என்றாள் மனைவி.

"பத்து நாள்தானே. பேசிட்டு வந்து மாட்டிக்கலாம்."

"மாமா, நீங்க மெத்தை தைக்கப் பொறந்தவரே இல்ல. மெத்தையாவே பொறந்திருக்கணும்" என்றான் மச்சான்.

மறுநாள் அவனே வந்து கழற்றினான். தரையில் பதித்த நாலு போல்ட்டும் துருவேறி அசையவில்லை. கேஸ் கட்டர் வைத்து அறுத்தால் பத்து நிமிஷ வேலை. "பஞ்சுக் கடைக்குள்ள நெருப்பைக் கொண்டுவர நான் என்ன உங்க எதிரியா?" என்று ஹாக்ஸா பிளேடால் அறுத்தான். ஒரு போல்ட்டுக்கு ஒரு மணி நேரம். சர்வேயர் தன் வாசலில் நாற்காலி போட்டு, மடியில் கைக்குட்டையோடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று தடவை எழுந்து ஏதோ சொல்ல வருவதுபோல் வந்து, இருமிவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்தார். மெஷினைப் பட்டறைக்கு ஏற்றி அனுப்பியபோது மெத்தைக்காரர் மனத்தில் வருத்தம் இருந்தது. ஆனால் அதைவிட அதிகமாக, தப்பில்லாமல் ஒரு காரியம் செய்துவிட்ட திருப்தி இருந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் அவருக்குப் பிடிபடவில்லை. கடை முழுக்கக் கிழித்த மெத்தைகள். கையால் பிய்த்தால் ஒரு நாளைக்குத் தலையணை ஒன்று தேறும். கேட்டு வருகிறவர்களுக்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு பெண் மட்டும், "எங்க மாமியார் தரையிலதான் படுக்கிறாங்க. நல்லா இருப்பீங்க, இன்னும் ரெண்டு நாள் தள்ளிப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதெல்லாம்கூடச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது அந்தச் சத்தமின்மை. மெஷின் நின்றால் சத்தம் குறையும், அது தெரிந்ததுதான். ஆனால் மெஷினைத் தவிர இன்னொன்றும் நின்றுபோயிருக்கிறது என்று காது சொல்லிக்கொண்டே இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார்; ஓடியது. குழாயைத் திறந்து பார்த்தார், சொட்டியது. மனைவி திரைக்குப் பின்னால் இருக்கிறாளா இல்லையா என்பதே தெரியாமல் அடிக்கடி எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. "என்ன வேணும்?" என்பாள். "ஒண்ணுமில்லை" என்று திரும்பிவிடுவார்.

அந்த அமைதியில்தான் சர்வேயரின் இருமல் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் காலையில் தொடங்கி, சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் ஓய்ந்து, மூன்று மணிக்கு மறுபடி. மெஷின் போய் மூன்று நாள் ஆகியும் குறையவில்லை. நான்காம் நாளும் குறையவில்லை. மெத்தைக்காரருக்குப் பளிச்சென்று விளங்கியது: மெஷின் இல்லை, இருமல் இருக்கிறது, அப்படியானால் இருமலுக்குக் காரணம் மெஷின் இல்லை. இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்? மெத்தை அளவு குறிக்கிற நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு எழுத ஆரம்பித்தார். காலை ஆறு ஐம்பது, நான்கு முறை. ஏழு பத்து, இரண்டு முறை, நீளமானது. தான் சொன்னபடி கழற்றி வைத்ததால்தானே இந்த உண்மை வெளியே வந்தது என்று நினைத்தபோது, அந்தப் பழைய வாத்தியார் மேல் மரியாதை கூடியது.

ஏழாம் நாள் தெருமுனைக் கடையில் இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். சர்வேயர்தான் முதலில் பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. நான் உங்க மேல எழுதலை. மெஷின் மேலதான் எழுதினேன்."

"மெஷினுக்குப் படிக்கத் தெரியாது சார். அதனால எனக்குக் குடுத்துட்டாங்க."

சர்வேயர் சிரிக்கப் போனது இருமலில் முடிந்தது. மெத்தைக்காரர் மனத்துக்குள் நேரம் குறித்துக்கொண்டார். "மெஷின் போயும் உங்களுக்கு நிக்கலையே சார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"உள்ள படிஞ்ச தூசி ஒரு வாரத்துல போயிடுமா? நாளாகும்" என்றார் சர்வேயர். பிறகு, தன் பதிலில் தனக்கே நம்பிக்கை இல்லாதவர்போல், "ஆகும்ல?" என்று கேட்டார்.

தன் வாதத்தில் அப்படி ஒரு ஓட்டை இருக்கும் என்று மெத்தைக்காரருக்கு அதுவரை தோன்றியிருக்கவில்லை.

பதினோராம் நாள் ஒன்பதரைக்கே போய்விட்டார்கள். அவர், மனைவி, மச்சான். நீளமான வராந்தாவில் மர பெஞ்சு. எதிர் பெஞ்சில் சர்வேயர், இஸ்திரி போட்ட சட்டையுடன், எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெத்தைக்காரர் கையில் நோட்டு. இரண்டு பேரும் பரீட்சை எழுத வந்த பிள்ளைகள் மாதிரி உதடு அசைய எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினொன்றே காலுக்குக் கூப்பிட்டார்கள்.

மாஜிஸ்திரேட் ஒரு பெண்மணி. மேஜையில் கழுத்தளவு உயரத்துக்குக் கோப்புகள். பக்கத்தில் கிளார்க், பேனாவைத் திறந்தபடி.

"உத்தரவு கிடைச்சுதா? ஆட்சேபம் இருக்கா?"

"கிடைச்சுதுங்கம்மா. இருக்குங்கம்மா."

"சரி. மெஷின் இப்ப ஓடுதா?"

"இல்லைங்கம்மா. ரெண்டாம் நாளே கழட்டி அனுப்பிட்டேன்." நிமிர்ந்து நின்று சொன்னார்.

அந்த அம்மாவின் முகத்தில் ஒரு கோப்பு குறைந்த நிம்மதி தெரிந்தது. "அப்ப முடிஞ்சுதே. அகற்றச் சொன்னோம், அகற்றிட்டீங்க. கோப்பை மூடிடலாம்" என்று கிளார்க்கைப் பார்த்தார்.

"இல்லைங்கம்மா, நான் என் பக்கத்தைச் சொல்லணும்…"

"உங்க பக்கத்தைக் கேக்கணும்னா, எடுக்க மாட்டேன்னு நீங்க நிக்கணும். அப்பத்தான் ரெண்டு பக்கத்தையும் விசாரிக்கலாம், ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்லலாம். நீங்க ஒத்துக்கிட்டுக் கழட்டிட்டீங்க. இப்ப நான் எதை விசாரிக்கிறது?"

"ஒத்துக்கலைங்கம்மா. மரியாதைக்குக் கழட்டினேன்."

அறையில் யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி அவரைச் சற்று நேரம் பார்த்தார். "ரெண்டு நிமிஷம் சொல்லுங்க. காது குடுத்துக் கேக்கறேன். ஆனா எதையும் எழுத முடியாது" என்றார். கிளார்க் பேனாவை மூடினார். அந்த மூடியின் 'டக்'கென்ற சத்தத்தில் மெத்தைக்காரர் மனப்பாடம் செய்திருந்த முதல் வரி மறந்துபோனது.

நோட்டைத் திறந்து படிக்க ஆரம்பித்தார். எட்டு நாளாக மெஷின் ஓடவில்லை. ஆனாலும் இத்தனை மணிக்கு இத்தனை முறை. மொத்தம் நூற்றுப் பதினேழு. படிக்கப் படிக்கக் குரல் நிலைப்பட்டது. சர்வேயர் எக்ஸ்ரே உறையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்; யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. முடித்ததும் மாஜிஸ்திரேட், வேறு எதற்கோ கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்:

"மெஷின் பக்கத்துலயே இருக்கீங்க. உங்க வீட்ல யாருக்கும் இருமல் கிடையாதா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டார். திறந்த வாயோடு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் சுவரோரம், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் காதுக்கு விளங்கியது, எட்டு நாளாக வீட்டில் எது நின்றுபோயிருந்தது என்று. திரைக்குப் பின்னாலிருந்து வருமே, இரண்டு சிறிது, ஒன்று பெரிது. அதை வைத்துத்தானே அவள் அங்கே இருக்கிறாள் என்று அவர் தெரிந்துகொண்டிருந்தார். அதை இருமல் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அவள் சத்தம் என்று நினைத்திருந்தார்.

"இருந்துச்சுங்கம்மா" என்றாள் மனைவி. "எனக்கு. இப்ப இல்லை."

மாஜிஸ்திரேட்டின் கை நின்றது. கிளார்க் பேனாவை எடுத்து, "இதை எழுதணுங்களா?" என்று கேட்டார். அந்த அம்மா மூடிய கோப்பைப் பார்த்தார். "எதுல எழுதுவீங்க? கோப்புதான் மூடியாச்சே" என்றார். குரலில் கோபம் இல்லை. அவருக்கே அது சரியாகப் படவில்லை என்பதுபோல் இருந்தது. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

வராந்தாவில் மச்சான் கிளார்க்கை மடக்கினான். "சார், இப்ப மெஷினைத் திரும்ப மாட்டலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க."

கிளார்க் நல்ல மனிதர். பொறுமையாகச் சொன்னார். "அகற்றச் சொன்னது ஒண்ணு. அது நடந்துடுச்சு. இனிமே வைக்கக் கூடாதுன்னு யாரும் உத்தரவு போடலை. வைக்கலாம்னும் போடலை. வச்சு, யாராவது மறுபடி மனுக் குடுத்தா, மறுபடி இதே மாதிரி காகிதம் வரும். அப்ப கழட்டாம வாங்க. முழுசா கேப்பாங்க."

"அதாவது, பேசணும்னா மாட்டணும்."

"நான் அப்படிச் சொல்லலை" என்றார் கிளார்க், போகிற போக்கில். "ஆனா அப்படித்தான்."

சர்வேயர் அங்கேயே நின்றிருந்தார். அவர் முகம், வெகுதூரம் வந்து பூட்டிய கதவைப் பார்த்தவர் முகம் மாதிரி இருந்தது. "நானும் மூணு பக்கம் எழுதி வச்சிருந்தேன் தம்பி. என்னை ஒரு வார்த்தை கேக்கலை" என்றார். "டாக்டர் தூசியா இருக்கலாம்ங்கிறார், வயசா இருக்கலாம்ங்கிறார். இங்கயாவது யாராவது ஆள் அனுப்பிப் பார்த்து, இதுதான்னு ஒண்ணைச் சொல்லுவாங்கன்னு நெனச்சேன்." இருமினார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ சதி பேசுகிறவர்போல், "நீங்க மெஷினைத் திரும்ப வைங்களேன். நான் திரும்ப எழுதறேன். ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுடும்ல" என்றார்.

"சார், உங்களை மாதிரி ஒரு எதிரி எல்லாருக்கும் கிடைக்கணும்" என்றான் மச்சான். "மாமா, நாலு புது போல்ட்டு போதும். சாயங்காலமே கொண்டுவந்துடறேன்."

மெத்தைக்காரர் "பார்க்கலாம்" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மச்சான் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினான். சர்வேயரும் தலையாட்டிவிட்டு நடந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. டிக்கெட் வாங்கிய பிறகு மெத்தைக்காரர் மனைவியிடம் கேட்டார். "எப்பலேர்ந்து உனக்கு?"

"மெஷின் வந்ததுலேர்ந்து."

"ஏன் சொல்லலை?"

"என்னத்தைச் சொல்றது? நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நோட்டில் எழுதிய நூற்றுப் பதினேழும் அடுத்த வீட்டுக்காரருடையது. தூசி போனதும் அடங்கியது ஒன்று, அடங்காதது ஒன்று. எதை வைத்து எதைத் தீர்மானிப்பது? குற்றம் சாட்டிய இடத்தில் அவர் மேல் குற்றம் இல்லை போலிருக்கிறது. குற்றம் இருக்கிற இடத்தில் யாரும் சாட்டவில்லை. இதைப் போய் எந்த அறையில், எந்தக் கோப்பில் சொல்வது?

"இப்ப என்ன செய்யலாம்ங்கிற?"

"என்னைக் கேட்டா பேப்பர் ஒட்டினாங்க?" என்றாள். பிறகு, "எட்டு நாளா இருமல் இல்லாமத் தூங்கினேன். எட்டு நாளா அடுப்புல என்ன வெந்துச்சுன்னும் எனக்குத்தான் தெரியும். ரெண்டையும் தெரிஞ்சவகிட்ட ஒண்ணைச் சொல்லுன்னா எப்படிச் சொல்றது?" என்றாள்.

ஐந்து மணிக்கு மச்சான் வந்துவிட்டான். சின்ன வேன் ஒன்றில் மெஷினை நிமிர்த்தி வைத்துக் கயிறு கட்டியிருந்தது. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் புது போல்ட்டுகளை வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தான். தெரு குறுகல், பின்பக்கமாகத்தான் வண்டியைக் கடை வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். சத்தம் கேட்டு சர்வேயர் வெளியே வந்தார். நாற்பது வருடம் சங்கிலி பிடித்து நிலம் அளந்த மனிதர். ஒரு வண்டி அளவில்லாமல் பின்னால் வருவதை அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. தெருவில் இறங்கிக் கையை ஆட்டினார். "வரலாம், வரலாம். இன்னும் நாலடி இருக்கு. வலது பக்கம் ஒடிங்க. வரலாம்."

வாசல்படியில் நின்ற மெத்தைக்காரரும் கையைத் தூக்கினார். ஏன் தூக்கினார் என்று அவருக்குத் தெரியவில்லை. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மனைவி வந்து நின்றாள். ஒரு பழைய துணியால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடிப் பின்னந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தாள். கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண்ணை இவ்வளவு கிட்டத்தில் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தார். அது என்ன சொல்கிறது என்று தேடினார்.

"மூணடி" என்றார் சர்வேயர்.

வண்டி நின்றது. டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, ஒருத்தர் வரலாம்ங்கறார், நீங்க கையைத் தூக்கிட்டு நிக்கறீங்க. வரச் சொல்றீங்களா, நிக்கச் சொல்றீங்களா? தெளிவாக் காட்டுங்க."

மெத்தைக்காரர் தன் கையைப் பார்த்தார். விரல்கள் விரிந்து, உள்ளங்கை தெருவைப் பார்த்தபடி அது அப்படியே காற்றில் நின்றது. வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.